குடைக்காரர் படத்தில் ஒரு சிவப்பு அட்டை

ஏப்ரல் 11, ஞாயிறு, காலை மணி பத்து இருபது. படித்து முடித்த புத்தகங்கள் மூன்று, பக்கங்கள் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு, வந்து சேர்ந்த முடிவு பூஜ்யம்.

அன்பு மகள் வாலுவுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் நலம், என் அண்ணியான உன் அம்மாவும் நலம், ஆனால் இருவரும் ஒருவரோடொருவர் நலமா என்று மட்டும் கேட்டுவிடாதே. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே போகாமல், சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். ஹீட்டர் பிளக்கை எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகாதே என்று எத்தனை முறை சொல்லியாயிற்று, போன வாரம் நீ அனுப்பிய போட்டோவில் மேசைக்கு அடியில் அதே வெள்ளைப் போர்டு தெரிகிறது, சுவரில் மாட்டு, நாளைக்கே மாட்டு. போனில் பத்து நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்கு ஏன் இத்தனை காகிதம் என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அதற்குக் குறுக்கே பேசுவேன், கடைசியில் இருவரும் கத்திவிட்டு வைத்துவிடுவோம், போன தடவை அதுதான் நடந்தது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதிப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். உட்கார்ந்து கடைசிவரை படி.

முதலில் கழுத்தைப் பிடிக்கிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மே ஒன்பதாம் தேதி உன் பட்டமளிப்புக்கு அண்ணி வரமாட்டேன் என்கிறார். விமான டிக்கெட் எடுத்தாயிற்று, ரத்து செய்வதென்றால் வரும் செவ்வாய்க்குள் செய்ய வேண்டும், "செஞ்சிடு தம்பி" என்று என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். காரணம் குடைக்காரர் ஆட்சியைப் பற்றிய உன் கட்டுரை. உன் மாணவர் சங்க இதழ் தபாலில் வந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. உறையைப் பிரித்தார், உன் போட்டோவைப் பார்த்தார், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி படிக்கவில்லை, அப்படியே பையில் வைத்து, தான் கண்டக்டராக இருக்கிற பஸ் டிப்போவுக்குக் கொண்டு போய்விட்டார். நானாக இருந்தால் முதலில் படித்துப் பார்த்திருப்பேன், ஆனால் நான் பெற்றவன் இல்லையே. ஓய்வறையில் கண்டக்டர்கள் எல்லாரும் கூடியிருக்கும் நேரம், "என் பொண்ணு எழுதினது, படிங்க படிங்க" என்று டைம்கீப்பர் கையில் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷனும் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகப் படித்திருக்கிறார். குடைக்காரர் பெண்களுக்குப் பேருந்து வேலையைத் திறந்துவிட்டது சமத்துவத்துக்காக அல்ல, வேலைநிறுத்தத்தை உடைப்பதற்காக. வேலை பறிபோன ஆண்களின் இடத்தில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண்கள் அவர் கையிலிருந்த கருவிகள், அவ்வளவே. இது உன் வாக்கியம். டைம்கீப்பர் பாதியில் நிறுத்திவிட்டாராம். அண்ணிதான், "ஏன் நிறுத்திட்டீங்க, மீதியையும் படிங்க" என்றாராம். அந்த அறையில் பெண் கண்டக்டர்களின் முதல் அணியில் சேர்ந்தவர்கள் அண்ணியைச் சேர்த்து நான்கு பேர். மற்ற மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்க்காமல் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கூடக் கழற்றாமல், "கருவியாம்! விடியக்காலைல எழுந்து சமைச்சு வச்சிட்டு, உன்னை எழுப்பி விட்டுட்டு, அவளுக்குத் தலை பின்னிட்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினேனே, திருப்புளி எங்கேயாவது தலை பின்னுமா தம்பி?" என்று என்னைக் கேட்டார். பின்னாது என்றேன். வேறு என்ன சொல்ல. அன்றிலிருந்துதான் உன் போனை எடுப்பதில்லை.

நீ என்னடா என்றால், "நீயே படிச்சுப் பார்த்துச் சொல்லு சித்தப்பா, நான் எழுதினது தப்பா?" என்று எனக்குச் செய்தி அனுப்பினாய். நான் மெஷின் கையேட்டைத் தவிர வேறு எதையும் முழுதாகப் படித்தவன் இல்லை என்று உனக்கே தெரியும். குடைக்காரர் என்றால் உனக்கு நூலகத்தில் இருக்கிற மனிதர், எனக்கு ஹாலில் இருக்கிற மனிதர். அண்ணிக்கு வேலை கிடைத்த வாரத்தில் மாட்டிய படம், வெயிலோ மழையோ தன் குடையைத் தானே பிடித்துக்கொண்டு நடக்கிற படம், நாட்டை ஆள்கிறவர் உதவியாளரைக் கூட குடை பிடிக்க விடமாட்டார் என்று ஊரே மெச்சிய படம். பிடிக்காதவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள், அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று. இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டுதான் வளர்ந்தேன், எதையும் சரிபார்த்ததில்லை. அவர் செத்த அன்று எல்லாரும் அழுதார்கள் என்பதால் நானும் மூக்கைச் சிந்தினேன். அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும்.

சரி, கேட்டுவிட்டாய், செய்வோம் என்று நூலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த நூலகர் அம்மாவிடம், குடைக்காரரைப் பற்றி எது சரியான புத்தகமோ அது ஒன்று போதும், எனக்கு நேரம் இல்லை என்றேன். அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "சரியான புத்தகம்னு ஒண்ணு இருந்தா நாங்க எதுக்கு சார் ரெண்டு அலமாரி வச்சிருக்கோம்? ஒண்ணை வச்சிட்டு மீதி இடத்துல ஃபேன் மாட்டியிருக்க மாட்டோமா?" என்றார். கடைசியில் மூன்று கொடுத்தார். அவருடைய செயலாளர் எழுதிய வாழ்க்கை வரலாறு, செங்கல் கனம், நிறைய போட்டோ. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுதிய ஒல்லியான புத்தகம், அட்டையிலேயே கோபம் தெரிகிறது. மூன்றாவது, அவரது சொற்பொழிவுத் தொகுப்பின் ஒரு பாகம், அந்த வேலைநிறுத்தம் நடந்த வருடத்துக்குரியது. நான் என்ன செய்தேன் தெரியுமா, எங்கள் தொழிற்சாலையில் புது மெஷின் வந்தால் கையேட்டின் கடைசியில் இருக்கும் கோளாறுப் பகுதியைத்தான் முதலில் திறப்போம், அதே மாதிரி மூன்றையும் பின்பக்கத்திலிருந்து திறந்தேன். சொல்லடைவில் வேலைநிறுத்தம் என்று தேடினேன். செயலாளர் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி, சில விஷமிகளின் தூண்டுதலால் எழுந்த சிறு சலசலப்பு, தலைவரின் பொறுமையால் அடங்கியது. எதிர்க்கட்சிக்காரர் புத்தகத்தில் அறுபது பக்கம், ரத்தம் கொதிக்கிறது. ஒரே குழாயில் அழுத்தம் பார்க்கிற பிரஷர் கேஜ் இரண்டு மாட்டி, ஒன்று பூஜ்யத்திலும் ஒன்று சிவப்புக் கோட்டிலும் நின்றால் நான் என்ன செய்வேன்? இரண்டையும் கழற்றிப் பிழையே இல்லாத மாஸ்டர் கேஜோடு ஒப்பிடுவேன், அதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை. மனுஷனுக்கு மாஸ்டர் கேஜ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று நூலகர் அம்மாவுக்கும் தெரியவில்லை.

இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன், நீ சிரிப்பாய், சிரி. ஒரு கேஜ் மேல் சந்தேகம் வந்தால் நாங்கள் உடனே தூக்கி எறிய மாட்டோம், ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிடுவோம், "சோதனையில் உள்ளது, முடிவு வரும்வரை பயன்படுத்தாதே" என்று. அது திட்டு இல்லை, நல்ல கேஜுக்கும் அதே அட்டைதான். என் சட்டைப் பையில் ஒன்று இருந்தது. இரண்டு வாரம் முன்பு சனிக்கிழமை மத்தியானம் புத்தகமும் கையுமாக ஹாலில் உட்கார்ந்திருந்தவன், என்னை அறியாமல் எழுந்து போய் அதைக் குடைக்காரர் படத்து ஆணியில் மாட்டிவிட்டேன். கேலிக்காக இல்லை, சத்தியமாக இல்லை, இன்னும் முடிவு பண்ணவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிற மாதிரி. அப்புறம் மறந்தும் போய்விட்டேன். அண்ணி டூட்டி முடிந்து வந்தார், பார்த்தார், சமையலறைக்குப் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சிவப்பு அட்டை என் தட்டில் இருக்கிறது. அண்ணி, இது எங்கள் கம்பெனி வழக்கம் என்று விளக்க வாயெடுத்தேன், "சோதனை முடியட்டும் தம்பி, அப்புறம் பயன்படுத்தலாம்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று கடையில்தான் சாப்பிட்டேன். மறுநாள் எப்படியோ தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர் வீட்டு வாத்தியார் வாசலில் வந்து நின்று, "அவர் போட்ட ரோட்டுல நடந்துட்டு அவர் படத்துக்கே அட்டை மாட்டுறியா, நல்லா இருப்பியா?" என்று கேட்டார். அந்த ரோட்டில் நாலு வருஷமாகப் பள்ளம் இருக்கிறது சார், அதற்கும் ஒரு அட்டை மாட்டட்டுமா என்றேன். இப்போது அவரும் பேசுவதில்லை. நீ எழுதிய ஒரு கட்டுரைக்கு இங்கே எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்கள் பார்.

புத்தகம் ஆளுக்கொன்று சொல்கிறது, ஆளையே பிடிப்போம் என்று அடுத்த வாரம் கிளம்பினேன். அப்போது வேலை போனவர்களில் ஒருவர் சந்தைத் தெருவில் சாவி செய்துகொண்டிருக்கிறார் என்று டைம்கீப்பர் சொன்னார். இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு கதவு அகலத்தில் கடை, சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், ஒரு அரம் போடுகிற மெஷின், பெல்ட் தேய்ந்து சத்தம் போடுகிறது, நான் முதலில் அந்தப் பெல்ட்டைத்தான் பார்த்தேன். குடைக்காரரைப் பற்றிப் பேச வந்தேன் என்றதும் தலையைத் தூக்காமலே, "சாவி செய்யணும்னா குடு, இல்லேன்னா வெளிச்சத்தை மறைக்காம நில்லு" என்றார். வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். செயலாளர் எழுதிய பத்தியைப் படித்துக் காட்டினேன். சில விஷமிகள் என்று வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர் இருமுகிறவரை சிரித்தார். "அந்தச் சில விஷமிகள்ல ஒருத்தன் நான்தான். மீதி விஷமிங்க எல்லாம் அன்னைக்குக் காலைல வரைக்கும் உங்களை ஏத்திட்டுப் போய்ட்டிருந்தவங்க." அந்தப் பெண்கள் மேல் கோபமா என்று கேட்டேன். இருந்தது என்றார், ஒரு வருஷம் பஸ்ஸில் ஏறாமல் எங்கே போனாலும் நடந்தே போனாராம். இப்போது என்றேன். "இப்போ முட்டி வலி, ஏறிக்கிறேன்" என்றார். குடைக்காரர் மேல் என்ன எண்ணம் என்று கேட்டேன். "எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது அவர் கட்டின ஆஸ்பத்திரியில. எனக்கு வேலை போனது அவர் போட்ட உத்தரவுல. ஒரே வீட்ல அம்மா கும்பிடுவா, நான் திட்டுவேன், ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவோம். நீ வந்து அதுக்கு என்ன பேருன்னு கேட்டா நான் எங்க போவேன்?" வேலை போனதைக் கூட விட்டுவிடலாம், ரேடியோவில் வந்து எங்களை வெளியாட்கள் என்று சொன்னாரே, பதினேழு வருஷம் அவர் பஸ்ஸை ஓட்டியவனை வெளியாள் என்று சொன்னாரே, அதுதான் இன்னும் காதில் இருக்கிறது என்றார். என் அண்ணி அந்த முதல் அணியில் ஒருத்தி என்று சொல்ல வாய்வரை வந்தது. எவன் எதிரிலும் பட்டென்று பேசுகிறவன் நான், அன்று சாவியை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

அந்த ரேடியோ பேச்சைச் சொற்பொழிவுத் தொகுப்பில் தேடினேன். இல்லை. முன்பின் எல்லாம் புரட்டினேன். அந்த மனிதர் தண்ணீர்க் குழாய் திறந்தால் பேசுகிறார், பள்ளிக்கூட மணி மாற்றினால் பேசுகிறார், இரண்டு நாள் சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை, ஆனால் மார்ச் மூன்றாம் தேதிக்குப் பிறகு அடுத்த பேச்சு மார்ச் இருபத்தொன்று. நடுவில் வேலைநிறுத்தம் நடந்த அத்தனை நாளும் வாயே திறக்கவில்லையாம். எங்கள் பாய்லரில் வரைபடக் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும் பேனா ஒன்று உண்டு, அது ஒரு மணி நேரம் நேர்க்கோடாகக் கிடந்தால் பாய்லர் அமைதியாக இருந்தது என்று யாரும் நினைக்க மாட்டார்கள், எவனோ பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக அவர் மேல் கோபம் வந்தது. வேலையை எடுத்தது கூட ஆட்சி செய்கிறவன் ஏதோ கணக்குப் போட்டுச் செய்தான் என்று வைத்துக்கொள்ளலாம். சொன்னதைச் சொல்லவே இல்லை என்று பக்கத்தை எடுத்துவிட்டால் நான் எதை வைத்துச் சரிபார்ப்பேன்? அந்தக் கோபத்தோடே உன் கட்டுரைதான் சரி என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதும்முன் எதிர்க்கட்சிக்காரர் புத்தகத்தை இன்னொரு முறை, இந்தத் தடவை முன்பக்கத்திலிருந்து, ஒழுங்காகப் படித்தேன். அதில் பொடி எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு. பெண்களைக் கண்டக்டராகச் சேர்க்கும் உத்தரவு வேலைநிறுத்தத்துக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே குடைக்காரர் கையால் திருத்தப்பட்டுத் தயாராக இருந்தது, கட்சிக்குள் எதிர்ப்பு வந்ததால் கிடப்பில் போட்டிருந்தார், வேலைநிறுத்தத்தின் ஆறாம் நாள் எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவரைத் திட்டி எழுதுகிற ஆளே இதைச் சொல்கிறார். அப்படியானால் வேலைநிறுத்தத்தை உடைக்கத்தான் என்று நீ எழுதியது எப்படிச் சரியாகும்? சமத்துவத்துக்குத்தான் என்று வாத்தியார் மாதிரி ஆட்கள் சொல்வது எப்படிச் சரியாகும்? ஆசையும் உண்மை, தந்திரமும் உண்மை, இரண்டும் ஒரே பேனாவில் ஒரே மசியில் ஒரே வரியில் வந்திருக்கிறது. அந்த வரியால் வந்த சம்பளத்தில்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன். உன் அப்பா போனபோது எனக்குப் பதினான்கு வயது, உனக்கு மூன்று, அண்ணி வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்குக் கேஜ் சரிபார்க்கிறவனாக இருந்திருக்க மாட்டேன், நீயும் சரித்திரம் படிக்கிறவளாக ஆகியிருக்க மாட்டாய். உன் கட்டுரை, என் வேலை இரண்டுமே அந்தக் கையெழுத்தின் மேல்தான் நிற்கின்றன. இதை எந்தப் பக்கம் எழுதுவது, கூட்டலா கழித்தலா, எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் சொல், ஆனால் வேகமாகச் சொல்லாதே.

நான் மேசையில் போட்டுவைத்த புத்தகங்களை அண்ணி எப்போது எடுத்தார் என்று தெரியாது. செயலாளர் எழுதிய கனமான புத்தகம் ஒரு வாரமாக டிப்போவுக்கும் வீட்டுக்கும் அவர் பையில் போய் வந்திருக்கிறது, நடுவில் அடையாளத்துக்குக் கிழித்த டிக்கெட்டு. முந்தாநாள் வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். நான் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன், ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது. "தம்பி, கையைத் துடைச்சிட்டு இங்க வா" என்று கூப்பிட்டார். 311-ஆம் பக்கத்தில் விரலை வைத்திருந்தார். உனக்குத் தெரிந்த பக்கம்தான், உன் கட்டுரையின் அடியில் நீ மேற்கோள் காட்டிய பக்கம், பெண்கள் முதல் அணி டிப்போ மைதானத்தில் வரிசையாக நிற்கிற போட்டோ, கீழே புதிய யுகத்தின் முதல் காலை என்று எழுதியிருக்கும். "இது யாருன்னு சொல்லு" என்றார், இடமிருந்து ஐந்தாவது ஆளைக் காட்டி. தெரியவில்லை என்றேன். "நல்லா பாரு" என்றார். தலையைவிடப் பெரிய தொப்பி, தோளிலிருந்து முட்டிவரை தொங்குகிற பை, பயந்த முகம். எனக்கு முகம் பிடிபடவில்லை, தொப்பிக்கு வெளியே உன்னுடையதைப் போலவே விறைத்துக்கொண்டு நின்ற காதுதான் பிடிபட்டது. வாலு என்று கத்திவிட்டேன். "வாலு இல்லடா, வாலைப் பெத்தவ" என்றார்.

நானும் அந்தப் பக்கத்தைப் படித்தேன் மகளே, வாக்கியத்துக்கு வாக்கியம் கோடு போட்டுப் படித்தேன், போட்டோ என்றால் அலங்காரம் என்று தாண்டிவிட்டேன். நீயும் தாண்டியிருக்கிறாய். அண்ணி போட்டோவைப் பார்த்துக்கொண்டே பேசினார், என்னிடம் பேசினாரா அதனிடம் பேசினாரா தெரியாது. அன்றைக்கு உனக்குக் காய்ச்சலாம், பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாராம், எப்போது விடுவார்கள் என்று அதே நினைப்பாம். "கேமராக்காரர் முன்னாடி பாருங்க, யாரும் திரும்பாதீங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு. பின்னாடி டிப்போ கேட்டுக்கு வெளியே ஒரே கூச்சல். வாழ்த்துறாங்கன்னு நெனச்சேன் தம்பி. நிஜமாவே, ஒரு நிமிஷம் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் ஒரு செருப்பு வந்து விழுந்துச்சு." அப்புறம் என்றேன். "அப்புறம் என்ன, போட்டோ எடுத்தாங்க." போட்டோவில் அந்தச் செருப்பு இருக்கிறது. வரிசையின் கடைசிப் பெண்ணின் கால் பக்கத்தில், நிழல் மாதிரி, உன் பிரதியில் பார். கேட்டுக்குப் பின்னால் தலைகள் தெரிகின்றன, கலங்கலாக, ஒரு முகமும் தெளிவாக இல்லை. அதில் சாவிக்காரர் இருந்தாரா தெரியாது. அப்போதுதான் சாவிக்காரரைப் பார்த்து வந்ததை அண்ணியிடம் சொன்னேன், ஒரு வருஷம் நடந்தே போனதையும் முட்டி வலியையும் சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை. "என் பஸ்ஸுல ஏறியிருப்பாரு, டிக்கெட் குடுத்திருப்பேன்" என்றார். செருப்பு இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "மறுபடி அங்க நிக்கச் சொன்னாலும் நிப்பேன். புள்ளைக்குக் காய்ச்சல், நிக்காம என்ன பண்றது. திரும்பிப் பார்த்திருக்கலாம், அவ்ளோதான்" என்றார். குடைக்காரர் நல்லவரா கெட்டவரா அண்ணி, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன், பொறுமை போய்விட்டது எனக்கு. "கையெழுத்துப் போட்டது நல்லது. அதைப் போட அந்த நாளைப் பார்த்து வச்சிருந்தது நல்லது இல்ல. எங்களைக் கேட்டுக்குள்ள நிறுத்தி அவங்களை வெளியே நிறுத்திட்டு அவரு போய்ட்டாரு. மீதியை நீயும் அவளும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க" என்று புத்தகத்தை மூடினார். மூடிவிட்டுத் திரும்பவும் திறந்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு தம்பி. இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தானே எழுதியிருக்கா. என்னைப் பார்க்கலையா அவ?"

அந்தக் கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். உனக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதில் வேலை பறிபோனது உண்மை, தேதிகள் உண்மை, குடைக்காரரைக் கேள்வி கேட்டது சரி, அதற்காக நீ யாரிடமும் தலைகுனிய வேண்டாம், வாத்தியார் பேசாவிட்டால் போகிறார். "வேலைநிறுத்தத்தை உடைக்கத்தான்" என்ற இடம் தப்பு, அடிக்குறிப்பைப் படிக்காமல் விட்டிருக்கிறாய். கருவிகள் என்றது தப்பா என்று கேட்டால், அவர் அவர்களை அப்படித்தான் பயன்படுத்தினார், அதனால் அவர்கள் அப்படி ஆகிவிடுவார்களா என்ற இடத்தில் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். குடைக்காரரைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்திருக்கிறது, அது காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் ஒரு மாதிரியும் இருக்கிறது. குளிக்கும்போது அயோக்கியர் என்று தோன்றுகிறது, பாலிடெக்னிக் வாசலைத் தாண்டும்போது கல்வெட்டில் அவர் பெயரைப் பார்த்துக் கை தானாக நெற்றிக்குப் போகிறது, பாதியில் இறக்கிவிடுகிறேன். இப்படி ஆடிக்கொண்டிருக்கிற முள்ளை என் வேலையில் பழுது என்று எழுதிவிடுவேன். இங்கே பழுது அவரிலா என்னிலா தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அண்ணி துணி மடித்துக்கொண்டே, "லைப்ரரி புத்தகத்தை வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா தம்பி?" என்று கேட்டார். கூடாது அண்ணி, தொலைந்தால் வம்பு என்றேன். "அப்போ பழைய புத்தகக் கடையில ஒண்ணு கிடைக்குதா பாரு" என்று சொல்லிவிட்டு மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வருகிறேன் என்று அர்த்தமா, புத்தகத்தை மட்டும் உனக்கு அனுப்பச் சொல்கிறாரா, எனக்குப் புரியவில்லை. கேட்டுவிடலாம், கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, அதனால் நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. பெரிய படிப்பு படித்து முடித்துவிட்டாய், உன் அப்பா இருந்திருந்தால் தெருவில் நின்று எல்லாரையும் நிறுத்திச் சொல்லியிருப்பார், அவருக்கும் சேர்த்து நான்தான் வாழ்த்த வேண்டும், நீண்ட ஆயுளோடும் குறையாத ஆரோக்கியத்தோடும் இதே துடுக்கோடும் இரு, எழுதுவதை நிறுத்தாதே, ஒருவர் கண்ணைப் பார்த்து எழுது. ஹீட்டர் பிளக்கை மறக்காதே. இனி நான் செய்யப்போவது:

1. செவ்வாய்க்கிழமை டிக்கெட்டை ரத்து செய்ய மாட்டேன். செய்யவில்லை என்று அண்ணியிடம் சொல்லவும் மாட்டேன்.

2. நாளை வேலை முடிந்ததும் பழைய புத்தகக் கடைகளில் செயலாளர் புத்தகத்தைத் தேடுவேன். 311-ஆம் பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன்.

3. ஹாலில் இருக்கிற படத்தைத் தொட மாட்டேன். அது அண்ணியின் சுவர்.

4. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, அந்த மார்ச் மாதத்துப் பழைய பத்திரிகைகள் எங்கே இருக்கின்றன என்று நூலகர் அம்மாவிடம் கேட்டுப் போய்ப் பார்ப்பேன். ரேடியோவில் அவர் சொன்னதை யாராவது அச்சிட்டிருந்தால் வரி விடாமல் எழுதி உனக்கு அனுப்புவேன்.

5. அடுத்த ஞாயிறு நம் ஊர் மாலை நாலு மணிக்கு நான் உன்னைக் கூப்பிடுவேன். நீ எடுத்ததும் போனை அண்ணி கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். கட்டுரையைப் பற்றிப் பேசாதே, குடைக்காரரைப் பற்றிப் பேசாதே, மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆரம்பிக்காதே. அந்த முதல் நாள் டூட்டி முடிந்து, கேட்டுக்கு வெளியே அத்தனை பேர் நின்றுகொண்டிருக்கும்போது, எப்படிம்மா வீட்டுக்கு வந்தே என்று மட்டும் கேள். நான் கேட்டேன், சொல்லவில்லை. உன்னிடம் சொல்லத்தான் வைத்திருக்கிறாரோ என்னவோ.

இப்படிக்கு, உன் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வயதில் பெற்றோர் இடத்தில் கையெழுத்துப் போட்ட,
சித்தப்பா